முக ஒப்புமை

திரையின் வலது மூலையில் இருந்த எண் அறுபத்திரண்டிலிருந்து அறுபத்தொன்றுக்கு இறங்கியபோது சின்னவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். மூச்சு விட்டால் இன்னொன்றும் உதிர்ந்துவிடும் என்று தோன்றியது. ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பின் இரண்டாம் பருவத் தேர்வு தொடங்கி இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமல் இருப்பது எதனால் என்று எதிரே ஒரு கேள்வி. தினமும் காலையில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அந்தக் குழாய்களோடுதான் அவளுக்கு வேலை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் கண் கேள்வியில் நிற்காமல் மூலைக்கே ஓடிக்கொண்டிருந்தது. அங்கே கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு ஒரு பச்சைக் கட்டம். அதில் ‘முக ஒப்புமை’ என்று எழுதியிருக்கும், பக்கத்தில் ஓர் எண். கணினியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் கேமரா, சேர்க்கையின்போது பதிந்த முகத்தையும் இப்போது எதிரே இருக்கும் முகத்தையும் நிமிடத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டு, நூற்றுக்கு இத்தனை என்று போடும். அறுபதுக்குக் கீழே போனால் ஓர் எச்சரிக்கை. மூன்று எச்சரிக்கை வந்தால் தேர்வு தானாக மூடிக்கொள்ளும், அந்தத் தாள் செல்லாது. மேற்பார்வையாளர் நினைத்தாலும் திறக்க முடியாது.

மற்றவர்களுக்கெல்லாம் தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றேழு என்று நிற்கும். அவளுக்கு மட்டும் முதல் பருவத்திலிருந்தே அறுபத்து மூன்றுக்கு மேல் ஏறியதில்லை. இயந்திரத்துக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் படித்த காலத்தில் அவளுடைய கையெழுத்துக்காகவே இரண்டு மதிப்பெண் கூடப் போடுவார்கள். காகிதம் சாதுவானது, எழுதுகிறவளை அது திரும்பிப் பார்க்காது. இது பார்த்துக்கொண்டே இருக்கிறது. இந்தப் படிப்பில் அவளோடு இருந்த ஒருத்திக்கு அந்தக் கவலையே இல்லை. காதோரம் ஓயாமல் பேசுவதால் எல்லோரும் அவளைக் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். “என் கையெழுத்தைப் படிச்சுப் படிச்சே எங்க ஸ்கூல் சார் ரெண்டு தடவை கண்ணாடி மாத்தினாரு. எனக்கு இந்த மெஷின்தான் சாமி. அதுக்கு எல்லாரும் ஒண்ணு,” என்பாள். வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவான ஒருவரும் இருந்தார். கணினித் தேர்வுக்கும் சட்டைப்பையில் பேனா செருகிக்கொண்டு வருவார்; விடையை முதலில் தொடையின்மேல் விரலால் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சுட்டியைத் தொடுவார்.

அறுபத்தொன்று. அடுத்த நிமிடம் அறுபது. பயம் வரும்போதெல்லாம் சின்ன வயதிலிருந்து அவள் செய்வதைத்தான் அப்போதும் செய்தாள். அக்காவாக இருந்தால் என்ன செய்வாள் என்று நினைத்துப் பார்த்தாள். அக்கா எதற்கும் பயப்படுகிறவள் அல்ல. கணக்குப் போடும்போது கீழுதட்டின் இடது ஓரத்தைப் பல்லால் கவ்வி, ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, எங்கேயோ ஏதோ தீய்கிற வாசனை வந்ததுபோல முகவாயை முன்னால் நீட்டுவாள். அந்த முகத்தைச் செய்து காட்டித்தான் சின்னவள் வீட்டில் எல்லோரையும் சிரிக்கவைப்பாள். இப்போது தன்னையறியாமல் அவள் உதடு உள்ளே போனது, புருவம் ஏறியது. மூலையில் எண் ஒருமுறை துடித்து எழுபத்தொன்று ஆனது.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. பின்கழுத்தில் யாரோ ஈரக்கையை வைத்த மாதிரி இருந்தது. உதட்டை விட்டாள், அறுபத்திரண்டு. கவ்வினாள், எழுபத்தொன்று. அப்போதுதான் அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. சேர்க்கையின்போது முகத்தை வீட்டிலிருந்தே பதியலாம் என்றிருந்தார்கள். கூடத்து விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்ததால் அக்கா தன் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு அவள் தோளுக்கு மேல் குனிந்து நின்றாள். ‘கண்ணைச் சிமிட்டவும்’ என்று திரை சொன்னது, இருவரும் சிமிட்டினார்கள். ‘தலையை இடப்புறம் திருப்பவும்’ என்றது, இருவரும் திருப்பினார்கள். இருவரும் சிரித்த சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ‘பதிவு நிறைவுற்றது’ என்று வந்தது. யாருடைய முகம் நிறைவுற்றது என்று அது சொல்லவில்லை. பாதுகாப்புக்காகப் பதிந்த படத்தை யாருக்கும் காட்டுவதுமில்லை. போன் அக்காவின் கையில்தானே இருந்தது, சிரித்த குலுக்கலில் வெளிச்சம் அக்காவின் முகத்தில்தான் விழுந்திருக்க வேண்டும். அடுத்த இரண்டு மாதத்தில் அக்கா தூரத்து நகரமொன்றில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

தேர்வு முடிந்த மறுநாள் சின்னவள் பயிற்சிக் கல்லூரியின் அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் படிவங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்.

“சார், பதிவுல இருக்கறது என் முகம் இல்லைன்னு நினைக்கிறேன்.”

“பின்னே யாரோடது?”

“எங்க அக்காவோடது.”

அவர் கை ஒரு கணம் நின்றது. “அப்போ பரீட்சை எழுதினது யாரும்மா?”

“நான்தான் சார்.”

“எத்தனை காட்டுச்சு?”

“கடைசில எழுபத்தொண்ணு.”

“அப்புறம் என்ன? அறுபதுக்கு மேல வந்தா அது நீ. கீழ போனா அது நீ இல்லை. இதுல நீயும் நானும் சொல்றதுக்கு என்ன இருக்கு?”

“மாத்த முடியாதா சார்?”

“மாத்தலாம். புது மூஞ்சி பதிஞ்சுக்கலாம். ஆனா பழைய மூஞ்சில எழுதின பேப்பர் மொத்தமும் வேற ஆள் எழுதினதா ஆயிடும். முதல்லேர்ந்து சேரணும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஓடற வண்டியை எதுக்கும்மா நிறுத்தறே? போய்ப் படி.” இவ்வளவையும் சொல்லி முடிக்கும்வரை அவர் ஒருமுறைகூட அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன்பிறகு அவள் யாரிடமும் கேட்கவில்லை. கொசுவிடம் மட்டும் சொன்னாள். “அதுக்கு எல்லாரும் ஒண்ணுன்னு சொன்னேன். உனக்கு மட்டும் ரெண்டா?” என்று கொசு விழுந்து விழுந்து சிரித்தாள். சின்னவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பயிற்சி எடுத்தாள். உதடும் புருவமும் சுலபமாக வந்துவிட்டன. அக்காவின் கன்னம், சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னால் உட்பக்கமாகக் குழியும் விதம், யாரையும் நம்பாத அந்தப் பார்வை, இதெல்லாம் வர நாளாயிற்று. மூன்றாம் பருவத்தில் எழுபத்தொன்பது. நான்காவதில் எண்பத்தாறு. பல் தேய்க்கும்போதும், பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் முகம் தானாகவே அப்படிப் போய் அமர ஆரம்பித்தது.

பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு எல்லோரையும் கைகளால்தான் தெரியும். முகம் மறந்துவிடும், நரம்பு மறக்காது. முழங்கை மடிப்பில் பச்சை நரம்பு இரண்டாகப் பிரியும் ஆசிரியை, நரம்பே அகப்படாமல் புறங்கையைத் தட்டித் தட்டித் தேட வைக்கும் ஓட்டுநர். அந்த ஓட்டுநர் ஒருநாள் ரப்பர் பட்டையைக் கட்டும்போது அவளை உற்றுப் பார்த்து, “இங்க வேற ஒரு பொண்ணு இருக்குமே, வலிக்காம குத்தும், அது லீவா?” என்று கேட்டார். “நான்தாண்ணே அது,” என்றாள். அவர் நம்பாமல் தலையாட்டினார். அவள் ஊசியை இறக்கினாள். “ஆமா, நீதான். மூஞ்சி வேற மாதிரி இருந்துச்சு,” என்றார். வீட்டிலும் அம்மா பின்னாலிருந்து “ஏய் பெரியவளே” என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வது அடிக்கடி நடந்தது.

அக்காவின் பக்கத்திலிருந்து முதல் செய்தி ஒரு வேடிக்கைபோலத்தான் வந்தது. மூன்றாம் பருவம் முடிந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, “என் போன் என்னைப் பாத்தா திறக்க மாட்டேங்குதுடி குட்டி. நானும் கெஞ்சறேன், மிஞ்சறேன், ‘மீண்டும் முயலவும்’ங்குது. மாமியார் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு,” என்றாள். நான்காம் பருவத்துக்குப் பிறகு முதியோர் இல்லத்து வாசலில் வருகைப்பதிவு போடும் இயந்திரம் அவளை ஏற்க மறுத்தது. மூன்று நாள் வேலைக்கு வரவில்லை என்று பதிந்துவிட்டது. அவளுக்கென்று ஒரு நோட்டுப் போட்டுக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள். ஐந்தாம் பருவத்தில் சின்னவளுக்குத் தொண்ணூற்று மூன்று வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் குரலில் வேடிக்கை குறைந்திருந்தது.

“இங்க ஒரு தாத்தா. ஒரு வருஷமா நான்தான் குளிப்பாட்டறேன். நேத்து ‘நீ யாரும்மா, புதுசா’ன்னு கேக்கறார்.”

“வயசானவங்கதானே அக்கா.”

“அப்படித்தான் நானும் நினைச்சேன். சாப்பாட்டுக்கூடத்துல பரிமாறற பொண்ணும் கேக்குது. அதுக்கு வயசு இருபது.”

சின்னவள் அன்று நாள்களைக் கூட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தேர்வுக்கும் பிறகு ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாள். அதற்குள் அங்கே ஏதோ ஒன்று அக்காவைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறது. “போடி, அது நெட்வொர்க் பிரச்சினை. அந்தப் பொண்ணுக்குக் கண்ணு பிரச்சினை,” என்றாள் கொசு. ஆனால் அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

ஆறாவதுதான் கடைசிப் பருவம். பரிசோதனை நிலையத்தின் மூத்த டெக்னீஷியன் அம்மா வேலையை விடப்போகிறார். அந்த இடத்தைச் சின்னவளுக்காக முடிவு வரும்வரை பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். இந்தத் தாள் போனால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்காருவார்கள். நுண்ணோக்கியின் கீழே இரத்தத் துளி விரிவதைத் தன் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று மூன்று வருடமாக அவள் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். இதுவரை மற்றவர்கள் எடுத்துப் பார்க்கக் குழாய்களை நிரப்பித் தருவதோடு அவள் வேலை முடிந்துவிடும். தேர்வுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, அவள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். விளக்கு, பதிவு, எண், கண்ணாடிக்கு முன்னால் எடுத்த பயிற்சி எல்லாம். கேட்டுவிட்டு அக்கா சிரித்தாள்.

“அட லூசு. என் மூஞ்சிதானே, வெச்சுக்கோ. இங்க யாரு என்னைப் பாக்கப் போறாங்க?”

“விளையாடாதே அக்கா. நான் நிஜமாச் சொல்றேன்.”

“நானும் நிஜமாத்தான் சொல்றேன். பாஸ் பண்ணு. அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து பங்கு போட்டுக்கலாம்.”

அந்தப் பேச்சில் அக்கா விட்டுக்கொடுத்தாளா, நம்பவே இல்லையா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் முடிவு செய்துவிட்டாள். இந்த முறை தன் முகத்தோடு உட்காருவது. எண் விழுந்தால் விழட்டும். எச்சரிக்கை மூன்றும் வரட்டும். எழுந்து வந்துவிடலாம்.

தேர்வுக்கூடம் எப்போதும்போலக் குளிர்ந்து கிடந்தது. நாற்பது கணினிகள், நாற்பது தடுப்புகள், விசைப்பலகைகளின் தூறல் சத்தம். அடுத்த தடுப்பில் அந்த இரண்டு பிள்ளைகளின் அப்பா தொடையில் விரலால் எழுதுவது தெரிந்தது. அவள் உட்கார்ந்ததும் பச்சைக் கட்டம் தொண்ணூற்றேழு என்று காட்டியது. பழக்கத்தில் முகம் ஏற்கனவே அப்படிப் போய் அமர்ந்திருந்தது. உடனே கலைத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். முதல் கேள்வி வந்தது; தெரிந்த கேள்வி. சரி, கேள்விகளையாவது பார்த்துவிடலாம், தெரிந்திருந்ததா இல்லையா என்றாவது மனசுக்குத் தெரிய வேண்டாமா என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். இருபத்தைந்தாவது கேள்வியில் கலைத்துவிடுவேன் என்றாள். இருபத்தைந்து வந்தது. கால்வாசி வந்தாயிற்று, ஐம்பது வரை போகலாம் என்றாள். ஐம்பதில் அணுக்களை எண்ணும் கண்ணாடித் தகட்டின் படம் வந்தது. அது அவள் மிகவும் விரும்பிப் படித்த பாடம். எழுபது. எண்பது. ஒவ்வொரு விடையும் கையில் வந்து உட்கார்ந்தது. தொண்ணூறாவது கேள்வியில்தான் அவள் சுட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

உதட்டை விட்டாள். புருவத்தை இறக்கினாள். முகவாயைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கன்னங்களைத் தளர்த்தி, ஒன்றும் செய்யாமல் கேமராவைப் பார்த்தாள். ஒரு நிமிடம் போனது. எண் தொண்ணூற்றேழிலேயே நின்றது. இன்னும் ஒரு நிமிடம். தொண்ணூற்றெட்டு.

தன்னுடையது என்று எது இருந்தது என்று அவள் தேட ஆரம்பித்தாள். வெட்கப்படும்போது கண்ணைத் தாழ்த்துவாளே, அது. தாழ்த்தினாள். ஊசி குத்தும்போது வாயைக் குவித்துக்கொள்வாளே, அது. குவித்தாள். பள்ளி அடையாள அட்டையில் விறைத்துக்கொண்டு நின்ற அந்தச் சின்னப்பெண்ணை நினைத்துக்கொண்டாள். அட்டையின் நீல ஓரமும் கிளிப்பும் ஞாபகத்துக்கு வந்தன, நடுவில் இருந்தது வரவில்லை. கடைசியில் கன்னத்தை உப்பி, நாக்கைத் துருத்தினாள்.

“என்னம்மா பண்றே?” மேற்பார்வையாளர் அம்மா பின்னால் வந்து நின்றார்.

“நம்பர் குறையுதான்னு பாத்தேன் மேடம்.”

“எல்லாரும் குறையுதேன்னு அழறாங்க. தொண்ணூத்தெட்டு வெச்சுக்கிட்டு விளையாடறியே. ஒழுங்கா முடி.”

அவர் போன பிறகு மிச்சமிருந்த பத்துக் கேள்விகளையும் அவள் முடித்தாள். முதல் கேள்வியிலேயே கலைத்திருந்தால் விழுந்திருக்குமா என்ற நினைப்பு மட்டும் ஒவ்வொரு விடைக்கும் நடுவில் வந்து வந்து போனது.

தேர்வை முடித்ததும், முடிவு வருவதற்கு முன்னால், எப்போதும் ஒரு கருத்துப் படிவம் வரும். ‘கணினி வழித் தேர்வு குறித்த மாணவர் மனப்பான்மை’ என்று தலைப்பு. அதை நிரப்பாவிட்டால் முடிவு வராது. காகிதத் தேர்வைவிட இது எனக்கு வசதியானது. இந்தத் தேர்வில் நான் பதற்றமின்றி இருந்தேன். இந்தத் தேர்வு என் உண்மையான திறனை அடையாளம் கண்டுகொள்கிறது. ஐந்து பருவமாக அவள் எல்லாவற்றுக்கும் ‘கருத்து இல்லை’ என்று நடுவில் சொடுக்கிவிட்டுப் போயிருக்கிறாள். அடியில் ‘வேறு ஏதேனும் கூற விரும்புகிறீர்களா?’ என்று ஒரு வெற்றுக் கட்டம் உண்டு. இன்று அதில் தட்டினாள். ‘பதிவில் இருப்பது என் முகம் அல்ல. தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடவும்.’

‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்றது திரை. பிறகு, தேர்ச்சி. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.

வெளியே வெயிலில் கண் கூசியது. கொசு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஒரு கணம் விலகி அவள் முகத்தைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு மறுபடியும் கட்டிக்கொண்டாள். கல்லூரிச் சுவரோரம் வண்டிகள் நிறுத்தும் கூரைக்கடியில் சின்னவள் ஒதுங்கி நின்றபோது போன் அடித்தது. அக்கா, வீடியோவில். வேலை பார்க்கும் ஊரில் அக்காவோடு ஒரே அறையில் இன்னும் மூன்று பெண்கள் தங்கியிருந்தார்கள். அறையின் அலங்கோலம் அம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அக்கா எப்போதும், ஆளை மட்டும் தெளிவாகக் காட்டிப் பின்னால் இருப்பதையெல்லாம் மங்கலாக்கிவிடும் வசதியைப் போட்டுத்தான் பேசுவாள். மூன்று வருடமாக அக்காவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சின்னவள் பார்த்ததே இல்லை.

இப்போது அந்த அறை பளிச்சென்று தெரிந்தது. இரும்புக் கட்டில்கள், கட்டில் விளிம்பில் காயும் நீலத் துண்டு, மேசையில் மூடியில்லாத சீப்புப் பெட்டி, மஞ்சள் கோடு போட்ட திரைச்சீலை. எல்லாம் துல்லியமாக, தொட்டுவிடலாம்போல. நடுவில், தலை உயரத்தில், ஆள் அகலத்துக்கு மட்டும் ஒரு மங்கல். கண்ணாடியில் மூச்சுவிட்ட இடம்போல.

“என்னடி ஆச்சு? பாஸா?” குரல் அப்படியேதான் இருந்தது.

“பாஸ் அக்கா. தொண்ணூத்து நாலு.”

“என் குட்டி! நான்தான் சொன்னேன்ல.” மங்கல் குலுங்கியது. அது சிரிப்பாக இருக்க வேண்டும். பிறகு அசையாமல் நின்றது. “ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கறே? நான் தெரியறேனா?”

சின்னவள் போனை முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தாள்.

“தெரியறே அக்கா. நல்லாத் தெரியறே.”

“இரு, வெளிச்சத்துல வரேன்,” என்றாள் அக்கா. மங்கல் ஜன்னல் பக்கமாக நகர்ந்தது. அது விட்டுப்போன இடத்தில் ஒரு நாற்காலி தெரிந்தது, அதன் மெத்தையில் உட்கார்ந்திருந்த பள்ளம் மெல்ல மெல்ல மேலே எழும்பியது. ஜன்னலருகே, மங்கலைச் சுற்றிலும், வெயில் பட்ட மஞ்சள் கோடுகள் ஒவ்வோர் இழையாகத் துலங்கின.